காலிலே பந்து, கையிலே புத்தகம்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

போன மாதம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "சார், இந்த வருஷம் விழாவிலே நீங்க பேசுங்க" என்றார். "எதைப் பற்றிப் பேசட்டும் சார், படிப்பைப் பற்றியா, விளையாட்டைப் பற்றியா?" என்று கேட்டேன். "ரெண்டிலே ஒண்ணைப் பேசுங்க, நேரம் அதிகமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டிற்குப் போய் யோசித்தேன். அவர் சாதாரணமாகச் சொன்ன அந்த 'ரெண்டிலே ஒண்ணு' என்ற பேச்சு என் மனத்தைக் குடைந்துகொண்டே இருந்தது. நம் வீட்டிலும், பள்ளியிலும், தோட்டத்துத் திடலிலும் நாம் பிள்ளைகளிடம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறோம்? ஒன்று படி, இல்லாவிட்டால் பந்து விளையாடு. ரெண்டிலே ஒண்ணு. அது சரிதானா என்பதை இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

இதோ இந்த மேசையைப் பாருங்கள். இடப் பக்கம் தேர்ச்சிப் பரிசுகள். அகராதி, புத்தகப் பை, எழுதுகோல் பெட்டி. வலப் பக்கம் கிண்ணங்களும் பதக்கங்களும். இன்னும் சற்று நேரத்தில் பெயர் வாசிப்பார்கள். இடப் பக்கத்துப் பரிசு வாங்க வரும் பிள்ளை வேறு, வலப் பக்கத்துப் பரிசு வாங்க வரும் பிள்ளை வேறு. இரண்டு பக்கமும் கை நீட்டுகிற பிள்ளை எத்தனை பேர்? நீங்களே எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல்கள் போதும்.

இது கடவுள் வகுத்த வகுப்பா? இல்லை. நாம் பிரித்து வைத்தது. ஒரு பிள்ளை நன்றாகப் படித்தால், "அவனைத் திடலுக்கு அனுப்பாதீங்க, கெட்டுப் போயிடுவான்" என்கிறோம். ஒரு பிள்ளை நன்றாகப் பந்து உதைத்தால், "அவனுக்குப் படிப்பு ஏறாது சார், விளையாடட்டும், விட்டுடுங்க" என்கிறோம். இரண்டு பேச்சும் அன்பினால் வருவதுதான். ஆனால் இரண்டுமே பிள்ளையைப் பாதியாக வெட்டிவிடுகின்றன.

மாணவர்களே, முதலில் உங்களுக்குப் பிடித்த கதை ஒன்று. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள். இடம் நம் ஜார்ஜ்டவுன் நகர அரங்கம். பினாங்குக் குழுவும் பகாங் குழுவும் மோதிய ஆட்டம். பினாங்கு ஆட்டக்காரர் முகமட் பாயிஸ் சுப்ரி வெகு தூரத்திலிருந்து ஒரு ஃபிரீகிக் அடித்தார். பந்து ஒரு பக்கம் போவதுபோலப் போய், நடுவானில் மனசு மாறியதுபோல மறுபக்கம் திரும்பி வலைக்குள் விழுந்தது. கோல்கீப்பர் பாவம், தப்பான பக்கம் சாய்ந்துவிட்டார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த கோல் என்று ஃபிபா அதற்குப் புஸ்காஸ் விருது கொடுத்தது. உலகத்தின் பெரிய பெரிய ஆட்டக்காரர்களை எல்லாம் தாண்டி, படகு ஏறினால் நாம் போய்ச் சேரும் ஒரு திடலில் அடித்த கோல் அது.

அடுத்த வாரம் எங்கள் பையன்கள் எல்லாரும் திடலில் அதே மாதிரி அடித்துப் பார்த்தார்கள். பந்து செம்பனைக் காட்டுக்குள் போனதுதான் மிச்சம். "எப்படி சார் அது திரும்பிச்சு?" என்று ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி! பந்து ஒரு பக்கமாகச் சுழன்று போனால், காற்று அதை ஒரே பக்கமாகத் தள்ளும், பந்து வளையும். சுழலாமல் போனால், பந்தைச் சுற்றி ஓடும் காற்று இரு பக்கமும் ஒரே மாதிரி விலகாது. பந்து இங்கும் அங்கும் ஆடிப் போகும். இதுதான் விஷயம். இது என்ன பாடம்? அறிவியல் பாடம். பந்து இருக்கும் இடத்தில் பாடமும் இருக்கிறது. நாம்தான் கூப்பிடுவதில்லை.

சரி, நன்றாகப் பந்து விளையாடிய எவராவது நன்றாகப் படித்ததுண்டா என்று பெற்றோர்கள் கேட்கலாம். உண்டு. ஒருவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவின் வடகிழக்கு மூலையில் நாகா மலைகள் இருக்கின்றன. அங்கே சாங்கி என்ற சிற்றூரில் 1918ஆம் ஆண்டு பிறந்தவர் தாலிமெரன் ஆவ். ஆவ் என்பது அவருடைய இனத்தின் பெயர். அவருடைய தந்தை ஒரு பாதிரியார். மகன் ஒரு டாக்டராகி மலைமக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் மகன் இளைஞனாக இருந்தபோதே, டைபாய்டு காய்ச்சலில் அவர் இறந்து போனார். மகனுக்கோ காலெல்லாம் பந்து. கௌஹாத்தியில் கல்லூரிப் படிப்பு, பிறகு கல்கத்தாவில் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் படிப்பு. அதே கல்கத்தாவில்தான் மோகன் பகான் என்ற புகழ்பெற்ற காற்பந்துக் குழு இருக்கிறது. 1943இல் அந்தக் குழுவில் சேர்ந்தார். பிறகு குழுத் தலைவரும் ஆனார். காலையில் மருத்துவக் கல்லூரி, மாலையில் திடல்.

1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக். விடுதலை பெற்ற இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் அது. காற்பந்துக் குழுவுக்குத் தலைவர் யார்? இந்த மருத்துவ மாணவர்தான். தொடக்க விழா அணிவகுப்பில் இந்தியக் கொடியைத் தூக்கிச் சென்றவரும் இவரே. பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். நம் ஆட்டக்காரர்களில் பலர் காலில் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாயின. சாரங்கபாணி ராமன் என்ற வீரர் ஒரு கோல் அடித்தார். கடைசி நேரத்தில் பிரான்ஸ் ஒரு கோல் அடித்து 2-1 என்று வென்றது. தோற்றாலும் அந்த வெறுங்கால் ஆட்டத்தைப் பார்த்து லண்டன் மக்கள் வியந்து போனார்கள்.

இனிமேல்தான் கவனமாகக் கேளுங்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் குழு அவரைத் தன்னோடு வந்து ஆடும்படி அழைத்தது என்றும், அவர் அதை ஏற்காமல் திரும்பிவிட்டார் என்றும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் குறிப்பிடுகிறார்கள். காரணம், டாக்டர் படிப்பு இன்னும் முடியவில்லை. கல்கத்தாவுக்குத் திரும்பினார். 1950இல் படிப்பை முடித்தார். 1942இல் அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர், முடித்தது 1950இல்! மெதுவாகத்தான் போனார், ஆனால் விடவில்லை. பிறகு தம் மலைநாட்டுக்கே போய், அரசாங்க டாக்டராக வேலை பார்த்தார். நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார். பந்து விளையாடியது அவர் வாழ்க்கையில் பத்துப் பன்னிரண்டு வருஷம். டாக்டராக வேலை பார்த்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. ஒன்று மற்றதைக் கெடுக்கவில்லை.

எங்கோ இருக்கிற நாகா மலைக்கதை நமக்கெதற்கு என்று நினைக்காதீர்கள். காற்பந்து இல்லை, ஓட்டம். ஆனால் நம் நாட்டிலேயே, நம் இனத்திலேயே ஒருவர் இருக்கிறார். டாக்டர் எம். ஜெகதீசன். 1960 ரோம், 1964 தோக்கியோ, 1968 மெக்சிகோ என்று மூன்று ஒலிம்பிக்கில் ஓடியவர். ரோமில் ஓடியபோது அவருக்கு 16 வயது. 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 பேர் ஓடும் தொடரோட்டம் என்று மூன்று தங்கம். மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை. இப்படி ஓடிக்கொண்டே சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் படித்தார். அதனால்தான் 'பறக்கும் டாக்டர்' என்று பெயர். பின்னாளில் சுகாதார அமைச்சில் துணைத் தலைமை இயக்குநர் பதவி வரை உயர்ந்தார். 1966இல் நம் நாட்டில் முதன்முதலாகச் சிறந்த விளையாட்டு வீரர் விருது கொடுத்தபோது அதை வாங்கியவர் அவர். அதே ஆண்டு சிறந்த வீராங்கனை விருதை வாங்கியவர் எம். ராஜாமணி. இருவரும் தமிழர்கள். திடலில் நம் பெண் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒருவர். 1982 உலகக் கிண்ணத்தில் பிரேசில் குழுவின் தலைவர் சாக்ரட்டீஸ். அவரும் படித்துப் பட்டம் பெற்ற டாக்டர்தான். மருத்துவப் படிப்பு முடியும் வரை, படித்த ஊரில் இருந்த சிறிய குழுவிலேயே ஆடினார். முடித்த பிறகுதான், 1978இல், கொரிந்தியன்ஸ் என்ற பெரிய குழுவுக்குப் போனார்.

இந்த மூன்று பேரிடமும் ஒரு பொதுக் குணம் தெரிகிறது. 'ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்' என்று தடுமாறியவர்கள் இல்லை அவர்கள். இரண்டு காலையும் ஊன்றி நின்றவர்கள். எதை எப்போது முடிக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தவர்கள்.

இதைக் கேட்டு, "அவங்க எல்லாம் பெரிய மூளைக்காரங்க சார், நம்ம தோட்டத்துப் பிள்ளைக்கு அது நடக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்வதற்கு முன், நான் ஒரு தவற்றை இந்தச் சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான் ஆசிரியர் வேலைக்கு வந்த புதிது. காற்பந்துக் குழுவை என்னிடம் ஒப்படைத்தார்கள். அப்போது ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர், அம்மா வெளிக்காட்டு வேலை. இடது காலில் அப்படி ஒரு ஆட்டம் அவனுக்கு! மாவட்டப் போட்டி வந்தது. எனக்குக் கிண்ணத்தின் மேல் ஆசை. ஆறு வாரம், கணக்குப் பாட நேரத்தில் அவனை வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு போய்த் திடலில் விட்டேன். அவனுக்குக் கணக்கு எப்படியும் வராது, ஆட்டமாவது வரட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கிண்ணம் ஜெயித்தோம். அவன்தான் இரண்டு கோல். ஊரே தூக்கிவைத்து ஆடியது. நானும் மாலை போட்டுக்கொண்டேன்.

அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போனான். அங்கேயும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பாடம் மலாய் மொழியில். பெருக்கல் வாய்ப்பாடே தடுமாற்றம். வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து மணி அடிக்கும் வரை காத்திருந்தான். படிவம் 4 படிக்கும்போது ஓர் ஆட்டத்தில் முட்டி திரும்பிவிட்டது. தசைநார் கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். பந்து நின்றது. பந்து நின்றதும் பள்ளிக்கூடம் போவதும் நின்றது. எஸ்.பி.எம். தேர்வுக்கு உட்காரவே இல்லை.

சில வருஷத்துக்கு முன்னால் பட்டர்வொர்த்தில் ஒரு கடை வாசலில் அவனைப் பார்த்தேன். லாரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க என்னை விடவில்லை. பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், தினமும் சாயங்காலம் என் கால்ல பந்து இருக்கான்னு பாத்தீங்க. என் பையில கணக்கு நோட்டு இருக்கான்னு ஒரு நாள் கேட்டிருக்கலாமே சார்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். அந்தக் கிண்ணம் இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தேத்தண்ணிக் கடைதான் நினைவுக்கு வருகிறது. அவனைப் பந்து கெடுக்கவில்லை. அவனிடம் இருந்த இரண்டில் ஒன்றை மட்டுமே பார்த்த நான்தான் கெடுத்தேன்.

பெரியவர்களே, பந்து விளையாடிப் பிழைப்பது என்பது நம் கையில் முழுதாக இருக்கும் காரியம் இல்லை. தேசியக் குழு கோல்கீப்பர் ஆர். ஆறுமுகத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நீண்ட கைகளை விரித்துப் பாய்ந்து பிடிப்பதால் 'ஸ்பைடர்மேன்' என்று நாடே கொண்டாடியது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தகுதி பெற்றது. வியர்வை சிந்தி வாங்கிய தகுதி! ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததை எதிர்த்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. நம் நாடும் போகவில்லை. அந்த ஆட்டக்காரர்களுக்கு அது திரும்பி வரவே இல்லை. ஆறுமுகமும் 1988இல் சாலை விபத்தில் இறந்து போனார். வயது 35. அடிபடுவது, அரசியல், விபத்து, குழுவில் பணம் இல்லாமல் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி விழுவது என்று எதுவும் ஆட்டக்காரன் கையில் இல்லை. நம் நாட்டுக் குழுக்களில் சம்பள பாக்கிச் செய்தியைப் பத்திரிகையில் நீங்களே படித்திருப்பீர்கள். கையில் ஒரு சான்றிதழ் இருந்தால், அன்றைக்கு அவன் நடுத்தெருவில் நிற்க மாட்டான். ஆட்டம் போகும், படித்தது போகாது.

சரி, இதற்கு என்ன வழி? இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. அமெரிக்காவிலும் வந்தது. அங்கே கல்லூரிக் காற்பந்து என்றால் நம் ஆட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம். கல்லூரிகளுக்கு அதில் ஏராளமான பணமும் புகழும். அதனால் படிப்பே ஏறாத பையன்களைக்கூட ஆட்டத்துக்காகச் சேர்த்துக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கல்லூரியில் ஆடுகிறவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட அதைத் தொழிலாகக் கொண்டு ஆடும் பெரிய குழுக்களுக்குப் போய்ச் சேருவதில்லை. மற்ற 98 பேர் கதி?

இதைப் பார்த்து, 1983இல் அங்குள்ள கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஒரு விதி செய்தது. 1986இல் நடைமுறைக்கு வந்தது. பள்ளிப் பாடங்களிலும் நுழைவுத் தேர்விலும் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாதவன் கல்லூரியின் முதல் வருஷம் ஆட முடியாது. நல்ல விதி போலத்தான் தெரிகிறது. ஆனால் உடனே ஓர் எதிர்ப்பும் கிளம்பியது. ஏழைப் பள்ளிக்கூடத்தில் படித்த கறுப்பினப் பிள்ளைகள்தாம் அதில் அதிகம் அடிபட்டார்கள். சரியாகச் சொல்லிக்கொடுக்காதது பெரியவர்கள், தண்டனை பிள்ளைக்கு! பிறகு, 2003ஐ ஒட்டி வேறு ஒரு முறை வந்தது. ஒவ்வொரு கல்லூரிக் குழுவிலும் எத்தனை பேர் ஒழுங்காகப் படித்து முன்னேறுகிறார்கள் என்று குழு முழுவதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். குறைந்தால் அந்தப் பையனுக்கு மட்டும் இல்லை, குழுவுக்கே தண்டனை. அப்போதுதான் பயிற்சியாளரும் கல்லூரியும், "தம்பி, பரீட்சைக்குப் படிச்சியா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதிலும் ஓட்டைகள் உண்டு. ஆனால் ஒன்று விளங்குகிறது. விதி பிள்ளையை மட்டும் கட்டினால் போதாது, பெரியவர்களையும் கட்ட வேண்டும்.

இந்த உண்மையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் பிறகு நானும் ஒரு சட்டம் போட்டேன். வீட்டுப்பாட நோட்டைக் காட்டாதவன் பூட்ஸ் கட்டக் கூடாது. முதல் இரண்டு வாரம் எல்லாரும் நோட்டுக் கொண்டுவந்தார்கள். எனக்கு ஒரே பெருமை. மூன்றாவது வாரம் ஒரு பையனைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் அவன் திடலுக்கும் வரவில்லை, பள்ளிக்கும் வரவில்லை. நான்கு நாள் ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்காட்டில். இவன் தம்பி தங்கைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தான். நோட்டு எழுத அவனுக்கு நேரமும் இல்லை, சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆளும் இல்லை. பந்துக்காகத்தான் அவன் பள்ளிக்கே வந்துகொண்டிருந்தான். அந்த ஒரு கயிற்றையும் நான் அறுத்துவிட்டேன்!

அதனால் சட்டத்தை மாற்றினேன். இப்போது பயிற்சி நாளில் பிள்ளைகள் ஒரு மணி நேரம் முன்னதாக வருகிறார்கள். வகுப்பறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். தெரியாததை நான் சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறது. எழுதி முடித்துவிட்டு எல்லாரும் சேர்ந்து திடலுக்குப் போகிறோம். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. பாட நேரத்தில் யாரையும் வகுப்பிலிருந்து வெளியே எடுப்பதுமில்லை. அது எனக்கு நான் போட்டுக்கொண்ட விலங்கு. அந்தப் பையன் திரும்பி வந்தான். இன்று வலப் பக்கத்துப் பரிசு மட்டும் இல்லை, கணக்கில் நல்ல முன்னேற்றம் காட்டியதற்காக இடப் பக்கத்துப் பரிசு ஒன்றும் அவனுக்கு இருக்கிறது. முதல் பரிசு இல்லை, மூன்றாவதுதான். எனக்கு அது அலமாரியில் இருக்கும் கிண்ணத்தைவிடப் பெரியது.

பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். பந்து விளையாடுவது வீண் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று: அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கேட்டு மனுச் செய்யும்போது மொத்தக் கணக்கில் 90 பங்கு தேர்வு மதிப்பெண், 10 பங்கு புறப்பாட நடவடிக்கை. பள்ளிக்கு ஆடினானா, மாவட்டத்துக்கு ஆடினானா, மாநிலத்துக்கு ஆடினானா என்பதெல்லாம் அந்தப் பத்தில் சேரும். ஒரு மதிப்பெண்ணில் இடம் நழுவும் இந்தக் காலத்தில் பத்து என்பது சின்னக் காரியம் இல்லை. ஆகவே பந்து உதைக்கும் கால், பல்கலைக்கழக வாசலையும் கொஞ்சம் தள்ளித் திறக்கும்.

படிப்பு எதற்கு, ஆட்டம் போதும் என்கிறவர்களுக்கு மற்றொன்று: எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால், மற்ற பாடங்களில் எத்தனை ஏ எடுத்தாலும் சான்றிதழ் கிடையாது. நல்ல ஆட்டக்காரப் பிள்ளைகளுக்கு என்றே 1996இல் தொடங்கிய புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும், ஜொகூரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளியும் இருக்கின்றன. அங்கே போனாலும் பாடம் உண்டு, தேர்வு உண்டு. புத்தகத்தைத் தூக்கிப் போடலாம் என்று நினைத்துப் போக வேண்டாம்.

ஆட்டத்தை ஒட்டிய வேலைகளும் இப்போது நிறைய இருக்கின்றன. 2010இல் தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றபோது பயிற்றுநராக இருந்தவர் கே. ராஜகோபால். ஆடி முடித்தவர், ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் படிப்பையும் படித்ததால் அந்த இடத்துக்கு வந்தார். பயிற்றுநராக உரிமம் வாங்கத் தேர்வு; நடுவராக வேண்டுமென்றால் தேர்வு; அடிபட்ட காலைச் சரிசெய்யும் பிசியோதெரபிஸ்ட் ஆக வேண்டுமென்றால் பெரிய படிப்பே படிக்க வேண்டும். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் படிக்கலாம். திடலை விட்டுப் பிரிய மனமில்லாதவன்கூடப் படித்துத்தான் ஆக வேண்டும்.

முடிக்கும் முன் மூன்று வேண்டுகோள்.

முதலாவது பெற்றோர்களுக்கு. பிள்ளை குறைந்த மதிப்பெண் வாங்கினால், "இனிமே பந்தைத் தொட்டே காலை ஒடிச்சிடுவேன்" என்று சொல்லாதீர்கள். பந்தைப் பிடுங்கினால் புத்தகம் தானாகக் கைக்கு வந்துவிடாது. பந்துக்கு முன்னால் ஒரு மணி நேரம் புத்தகத்துக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்களும் ஒன்று செய்யலாம்: "இன்னிக்கு என்ன படிச்சே, அம்மாவுக்குச் சொல்லு" என்று கேட்கலாம். கேட்பதற்குப் படிப்பு வேண்டாம்.

இரண்டாவது பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் தோட்டத்து இளைஞர்களுக்கும். இங்கே படித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகளை அப்படியே விட்டுவிடாதீர்கள். அந்தப் பையனை நாங்கள் தொலைத்தது அங்கேதான். வாரத்தில் இரண்டு மாலை, தோட்டத்து மண்டபத்தில் விளக்குப் போட்டு, படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் போதும். ஏழெட்டுப் பேர் வந்தாலும் வரட்டும். தோட்டத்துக் குழுவை நடத்துகிற தம்பிகள், ஆட்டத்துக்குப் பெயர் எழுதும்போது பள்ளித் தேர்ச்சி அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தள்ளி வைப்பதற்காக இல்லை, கைகொடுப்பதற்காக.

மூன்றாவது எங்களுக்கு, ஆசிரியர்களுக்கு. கிண்ணத்துக்காகப் பிள்ளையின் பாட நேரத்தை இனி எடுக்க மாட்டோம். இதை உங்கள் எல்லார் முன்னிலையிலும் சொல்கிறேன். நான் மீறினால், இந்தப் பள்ளி வாசலில் நின்று என்னைக் கேளுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்குத் தனியாக அறிவுரை எதுவும் இல்லை. 1974இல் பினாங்கு மலேசியக் கிண்ணத்தை வென்ற கதையைத் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் பினாங்கு சட்டையைப் போட்டுக்கொண்டு நகர அரங்கத்தில் இறங்கினால், நான் படகு ஏறி வந்து கைதட்டுவேன். உங்களில் ஒருவர் வெள்ளைக் கோட்டுப் போட்டு மருத்துவமனையில் நின்றாலும் வந்து கைதட்டுவேன். இரண்டையும் செய்கிற ஒரு பிள்ளையைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைத்திருந்தால், அன்றைக்கு அந்தத் தேத்தண்ணிக் கடைக்குப் போய், இந்தத் தடவை காசு நான் கொடுப்பேன்.

அடுத்த வருஷம் இதே மேசையில், இரண்டு பக்கமும் கை நீட்டுகிற பிள்ளைகளை எண்ண ஒரு கை விரல் போதாமல் போகட்டும்.